கவிழ்க்காத கூடை

"எத்தினி மணி நேரம் பறக்கும் பாப்பா?" சங்கரா மீனின் செதிளைச் சீவிக்கொண்டே கேட்டாள் பூவாயி.

"பாரீசுக்கா? இருபத்தாறு மணி நேரம்."

"தொலவு?"

"எட்டாயிரம் கிலோமீட்டர்."

"அப்பிடி சொன்னா எனக்கு இன்னா தெரியும்? கடலூர வச்சி சொல்லு."

மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். "தினம் கடலூர்த் தொலைவு நடந்தால் ஒரு வருஷம்."

அவள் கை நின்றது. "ஒரு வருச நடைய ஒரு நாள்ல போவுதுன்னா அது வண்டியா, பிசாசா?"

கடலோர மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்திலிருந்து காலை எட்டு மணிக்கு எங்கள் கொல்லைக் கதவைத் தட்டுபவள் பூவாயி. விலை சொல்லும்போது மீனைப் பார்ப்பாள். குறைக்கும்போது நம்மைப் பார்ப்பாள். அம்மா பேரம் பேசினால் மட்டும், பிரெஞ்சுத் துரைசானிகளை அழைப்பதுபோல் "மதாம்" என்று அழைப்பாள். "மதாம், இது மீனு. முருங்கக்கீர இல்ல."

விற்று முடிந்ததும் எங்கள் கிணற்றடியில் கூடையைக் கழுவுவாள். ஆனால் கவிழ்த்து உலர்த்த மாட்டாள். கணவர் காசிலிங்கம் கடலில் இருக்கும்வரை அவள் வீட்டில் பானை, குவளை, கூடை எதுவும் குப்புற இருக்கக் கூடாது. கவிழ்த்தால் கட்டுமரமும் கவிழும் என்பது அவள் பயம். மரம் கரை சேர்ந்த செய்தி வந்த பிறகுதான் கூடை கவிழும்.

அவள் மகள் தனம் ஒரு பிரெஞ்சு என்ஜினியர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1958இல் அந்தக் குடும்பம் பாரீசுக்குத் திரும்பியபோது அவளையும் விமானத்தில் அழைத்துப்போனது. "எங்க வூட்டுப் பொம்பளைங்க மரத்துல கால் வச்சதில்ல. இவ ஆகாசத்துல போறா" என்றாள் பூவாயி. போய்ச் சேர்ந்ததும் எங்கள் விலாசத்துக்குத் தந்தி வரவேண்டும் என்று ஏற்பாடு.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு மீனம்பாக்கத்திலிருந்து விமானம் கிளம்பியது. வெள்ளி பதினொரு மணிக்குப் பூவாயி கிணற்றடியில் இருந்தாள். "இருவத்தாறு ஆயிடுச்சி பாப்பா."

தந்தி வரவில்லை. மாலையிலும் வந்தாள். கூடை நிமிர்ந்தே இருந்தது. அடியில் தேங்கிய நீரைக் காக்கை குடித்தது. அவளைத் தேடி வந்த காசிலிங்கம் சிரித்தார்.

"நான்தான் கரைக்கு வந்துட்டனே. இன்னும் யாருக்குடி நிமித்தி வச்சிருக்க?"

"நீ நீந்தி வந்துடுவ. அவ எதுல நீந்துவா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பீடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், பற்றவைக்கவில்லை.

அன்றிரவுதான் என் தவறு தெரிந்தது. பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டியிருந்தேன். பம்பாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அவளிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நின்னு போவுதா? மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? நிக்கத் தெரிஞ்ச வண்டின்னா பரவால்ல" என்றாள். ஆனாலும் தெருக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குத் தந்தி வந்தது. பிரெஞ்சில் படித்தேன், பிறகு தமிழில் சொன்னேன்: "நலமாக வந்து சேர்ந்தோம். தனம் சௌக்கியம்."

"தனம்னு அதுலயே போட்டிருக்கா?"

பெயரின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"சேதி சொன்னது நீதான பாப்பா. நீயே கவுத்து வையி."