புத்தகம் நீங்கலாக

எந்தக் குழந்தைக்கும் அவர் புத்தகத்தை நேராகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. தலைகீழாகத்தான் நீட்டுவார். நீட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். குழந்தை அதை வாயில் வைத்தால், "பசி போல" என்பார். கீழே எறிந்தால், "ஐயாவுக்குப் பிடிக்கலையாம்" என்று வேறொன்றை எடுப்பார். ஏதாவது ஒரு ஒன்றரை வயதுப் பிள்ளை முகத்தைச் சுளித்து, புத்தகத்தைத் திருப்பி நேராக வைத்துக்கொண்டால் போதும். "இங்க பாருங்க, இங்க பாருங்க! வீட்டுல யாரோ இதுக்குக் கதை சொல்றாங்க!" என்று கிளினிக் முழுக்கக் கேட்கும்படி கூவுவார். ஊசிக்கு அழுதுகொண்டிருக்கும் குழந்தைகள்கூட அழுகையை ஒத்திவைத்துவிட்டு அவரைப் பார்க்கும்.

குழந்தைகளை எடை போடும் நர்ஸ் அவர். எல்லோருக்கும் எடையக்கா. அவரைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் எடையக்காதான். பதினோரு வருடமாக அந்தக் கிளினிக்கில் தரை துடைப்பவள் நான். பிள்ளைகள் எச்சில் செய்த புத்தகங்களைத் துடைத்து அடுக்குவதும் என் வேலை என்பதால் அவரைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது. குள்ளமான உருவம். மேஜைமேல் இருக்கும் எடை மெஷினை எட்டுவதற்கு ஒரு பலகை போட்டு ஏறி நிற்பார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்காமல் எந்தக் குழந்தையையும் தொடமாட்டார். "ஐஸ் கையால தூக்கினா உனக்குக் கோவம் வராதா?" என்று கேட்பார், குழந்தையிடமே.

ஊசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையோடும் ஒரு புத்தகம் வீட்டுக்குப் போகும். அடுத்த முறை திரும்பி வர வேண்டும். கெட்டி அட்டைப் பக்கங்கள், பக்கத்துக்கு ஒரு படம். திரும்பி வரும் புத்தகத்தின் ஓரத்தில் பல் தடம் இருந்தால் அவர் முகம் மலரும். பளபளவென்று வந்தால்தான் சந்தேகம். "பீரோவுல வெச்சுப் பூட்டிட்டியா? கொழந்தை கையில குடும்மா, அது அழுக்காகுறதுக்குத்தான் இருக்கு."

மருந்துச் சீட்டில் டாக்டரம்மா எழுதியதற்குக் கீழே அவரும் ஒரு வரி சேர்ப்பார். அதை வாயாலும் சொல்லி அனுப்புவார்: "காலையில சொட்டு மருந்து அஞ்சு, சாயங்காலம் கதை ஒண்ணு. ரெண்டையும் விட்டுடக் கூடாது."

தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண், இந்த வரியைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இடுப்பில் நோஞ்சானாக ஒரு பையன். ஐந்து மாதம். பிறந்ததிலிருந்தே எடை ஏறாமல் தகராறு செய்பவன். எதைக் காட்டினாலும் கை நீட்டாதவன்.

"எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுக்கா. நான் எப்படிப் படிச்சுக் காட்டுறது?"

"அவனுக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் சமம்தான். மாட்டைக் காட்டி மாடுன்னு சொல்லு. அது ஏன் தனியா நிக்குது, அதோட அம்மா எங்க போச்சுன்னு உன் இஷ்டத்துக்கு அளந்து விடு. புத்தகத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அவன் வந்து கேஸ் போடப் போறானா?"

"கதை ஜாஸ்தியாப் போயிட்டா ஏதாவது பண்ணுமாக்கா?"

"பண்ணும். உனக்குத் தூக்கம் வரும்."

அவள் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

எடை போடுவதிலும் எடையக்காவுக்குப் புத்தகம்தான் கருவி. மெஷினில் கிடத்தியதும் குழந்தைகள் மீன் போலத் துள்ளும். எண் ஒரு இடத்தில் நிற்காது. கையில் புத்தகத்தைக் கொடுத்தால் அப்படியே அடங்கிவிடும். அந்த நேரம் பார்த்துப் புத்தகத்தை மெல்ல உருவிக்கொண்டு, அடுத்த துள்ளலுக்குமுன் எண்ணைப் படித்துவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு தடவை தவிர அது பிசகியதில்லை.

அந்த ஒரு தடவை, நோஞ்சான் பையனுக்கு ஏழு மாதம். மாட்டுப் புத்தகத்தை நீட்டியதும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, மூலையை வாயில் வைத்துக் கடித்தான். முதன்முதலாக ஒரு பொருளை அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். எடையக்கா பலகைமேல் நின்றபடியே குதித்துவிட்டார். "பிடிச்சுட்டான்! எல்லாரும் வாங்க, பிடிச்சுட்டான்!" அந்தக் கூத்தில் எண்ணைப் பார்த்து எழுதினார்: ஆறு கிலோ முந்நூற்றுப் பத்து. நன்றாகவே ஏறியிருக்கிறான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் எதுவும் உறைக்கவில்லை.

அடுத்த மாதம் மெஷின் ஆறு கிலோ இருநூறு காட்டியது. மாதம் ஒன்று போய், நூற்றுப் பத்து கிராம் குறைந்திருக்கிறான். டாக்டரம்மாவின் முகம் மாறியது. ரத்தம், சிறுநீர், மார்புப் படம் என்று சீட்டு நீண்டது. வெளியே பெஞ்சில் அந்தப் பெண், "கதை சொல்றேன் கதை சொல்றேன்னு சோத்தைக் கோட்டை விட்டுட்டேனோ?" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதைக் கேட்டு எடையக்கா நின்றுவிட்டார். அவள் திருப்பிக் கொடுத்திருந்த மாட்டுப் புத்தகம் மேஜையில் கிடந்தது. மூலையில் பல் தடம். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்து மெஷினில் வைத்தார். இருநூற்று நாற்பது கிராம்.

அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். ஊசிக்காக அவன் கையைப் பிடித்திருந்த லேப் பெண்ணை நிறுத்தச் சொல்லிவிட்டு நேராக டாக்டரம்மா அறைக்குப் போனார்.

"போன மாசம் புத்தகத்தோட சேத்து எழுதிட்டேன் டாக்டரம்மா. அவன் குறையல. நூத்து முப்பது கிராம் கூடியிருக்கான். தப்பு என்னோடது."

டாக்டரம்மா மறுபடி எடை போடச் சொல்லி, பழைய கணக்கைத் தன் கையால் கழித்துப் பார்த்து, சீட்டைக் கிழித்தார். பிறகு கதவைச் சாத்தினார். சாத்திய கதவைத் தாண்டியும் கேட்டது.

"இது கிளினிக்கா, லைப்ரரியா சிஸ்டர்? ஒரு பச்சைக் கொழந்தைக்கு வேண்டாத ஊசி போட இருந்தோம். இனிமே ஒரு புத்தகமும் வேணாம்."

புத்தகங்களை எடையக்காவே அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை டாக்டரம்மா மேஜையில் வைத்தார். அந்த வாரம் அவர் யாரையும் கூவிக் கூப்பிடவில்லை. எடை மட்டும் போட்டார். போட முயன்றார் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் துள்ளின, உதைத்தன, ஒன்று அவர் மூக்குக் கண்ணாடியைப் பறித்து எறிந்தது. ஒரே குழந்தை மூன்று தடவைக்கு மூன்று எடை காட்டியது. வரிசை வாசற்படி வரை நீண்டது. ஐந்தாம் நாள் டாக்டரம்மாவே வெளியே வந்து, காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"எதை சிஸ்டர் எழுதுறீங்க?"

"மூணுல எது நல்லா இருக்கோ அது" என்றார் எடையக்கா, சிரிக்காமல். பிறகு, "புத்தகத்தோட எடையத்தான் நம்மளால மாத்தாம வெச்சுக்க முடியும் டாக்டரம்மா. அதை எழுதி வெச்சுட்டாக் கழிச்சுடலாமே?" என்று கேட்டார்.

டாக்டரம்மா மேஜைக்குப் போய்ச் சாவியோடு வந்தார். "ரெண்டு பேர் பாக்கணும். ஒருத்தர் கண்ணை நான் நம்பமாட்டேன்."

அன்று மதியம் எல்லாப் புத்தகங்களும் வரிசையாக மெஷினில் ஏறி இறங்கின. எடையக்கா எண்ணைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் அழியாத மையில் எழுதினேன். "கொட்டை எழுத்தா எழுது. என் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு" என்றார்.

இன்றைக்கு அலமாரியில் நாற்பத்தொரு புத்தகங்கள் இருக்கின்றன. பூட்டு இல்லை. எடை எழுதும் நோட்டில் 'புத்தகம் நீங்கலாக' என்று தனியாக ஒரு கட்டம். எடையக்கா எண்ணைப் படிக்க, பின்னட்டையில் உள்ளதை நான் படிக்கிறேன்.

போன வாரம் நோஞ்சான் பையன் வந்தான். ஒன்றரை வயது. இனி அந்தப் பெயர் பொருந்தாது. உள்ளே வரும்போதே அவன் அம்மா, "பழைய மாடுதான் வேணுமாம்க்கா, வேற எதையும் தொடமாட்டான்" என்றாள். மெஷினில் உட்காரவைத்து, மாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாக நீட்டினார் எடையக்கா. அவன் வாங்கினான். முகத்தைச் சுளித்தான். திருப்பி, நேராக வைத்து, மாட்டின்மேல் விரலை வைத்தான். "அம்மா எங்க?" என்று அதனிடம் கேட்டான்.

எடையக்காவின் வாய் திறந்தது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார். மெஷினைப் பார்த்தார்: ஒன்பது கிலோ அறுநூற்று நாற்பது. என்னைப் பார்த்தார். "இருநூத்து நாப்பது" என்றேன். ஒன்பது கிலோ நானூறு என்று எழுதினார். எழுதியதை இன்னொரு முறை சரிபார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகினார்.

அதற்குப் பிறகுதான் கூவினார்.