படியில் வைத்த சிவப்பு முட்டை

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். அவர் போன பிறகு பிறந்த பிள்ளையும் மாதம் நிரம்பும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது.

அந்த ஈஸ்டர் காலையில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் என்றால் எங்களுக்கு ஆட்டுக்கறிதான். அன்று அதை நினைக்கவும் வழியில்லை. தோட்டத்து ஓரத்தில் கீரை போட்டு விற்கும் சீனப் பெண் ஆ மோய் வாசலில் வந்து நின்றாள். எங்கள் மாதாகோயிலுக்கு வருகிறவள்தான். கையில் சிவப்புச் சாயம் ஏற்றிய ஒரு முட்டை.

"அக்கா, மக்கான் லா. சாப்பிடு," என்று சிரித்தாள்.

சீனர் வீட்டில் பிள்ளை பிறந்து மாதம் நிரம்பினால் சிவப்பு முட்டை கொடுப்பார்கள். அது மட்டும் எனக்குத் தெரியும்.

"பிள்ளையப் பறிகொடுத்தவகிட்ட இத நீட்டுறியே, ஒனக்கு மனசுன்னு ஒன்னு இருக்கா?"

அவளுக்கு அவ்வளவு தமிழ் புரியாது. என் முகம் புரிந்தது. முட்டையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஈஸ்டருக்குக் கோயில் வாசலில் ஒரு சீனக்காரர் சிவப்பு முட்டையைப் பிட்டுத் தன் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"செத்த சாமி உயிரோட திரும்ப வந்தாரு லா. வூட்டுல பிள்ளை பொறந்த மாதிரி," என்றார்.

ஆ மோயைத் தேடிப் போனேன். குடிசை காலியாகக் கிடந்தது. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கோழி. அது இட்டதைத் தான் தின்னாமல் எனக்குக் கொண்டுவந்தாள். அன்று அந்த முட்டையைக் காகம் கொத்திக்கொண்டு போகும்வரை நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.