கம்பெனி பஸ்ஸில் வந்த கல்வி அதிகாரி

"உங்க வூட்ல இதுவரைக்கும் எவ படிச்சா, நீ பிளஸ் ஒன்னு போறதுக்கு? கலெக்டரா ஆவப் போற?" என்று என்னைக் கேட்டவர் எங்கள் தெரு அக்கா ஒருவர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கெட்டவர் இல்லை. தெருவில் பாதிப் பெண்களுக்கு அவர்தான் வேலை வாங்கிக் கொடுத்தார். பத்தாவது ரிசல்ட் வந்ததும், அங்கே தையல் பிரிவில் இருந்த அம்மாவிடம் என்னையும் கூட்டி வரச் சொன்னார். எனக்கோ படிக்க ஆசை.

மறுநாள் காலை அம்மாவோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஓர் அம்மையார். ஆள் எடுக்க வந்த புது ஆபீஸ் மேடம் என்று பஸ் முழுக்கப் பேச்சு. அம்மா என்னை முன்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"என் பொண்ணு மேடம். இப்பதான் பத்தாவது முடிச்சா. கை வேகம் ஜாஸ்தி. பதினெட்டு முடிஞ்சிடுச்சு. சர்டிபிகேட் அப்பறமா குடுத்துடறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினெட்டா? இப்பதான் பத்தாவதுன்னா, ரெண்டு மூணு வாட்டி பெயிலாம்மா நீ?"

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா மேடம் இப்படி கேக்கறீங்க? ஒரு வாட்டி கூட பெயில் இல்ல. ஸ்கூல்லயே நான்தான் செகண்டு!"

பஸ்ஸே சிரித்தது. "போச்சுடி, பொண்ணே மாட்டி வுட்டுட்டா" என்றாள் பின்னால் ஒருத்தி. அம்மா என்னைக் கிள்ளினார்.

அவர் கம்பெனி ஆள் இல்லை, எங்கள் மாவட்டக் கல்வி அலுவலர். விடியுமுன் கிளம்பி இருட்டித் திரும்பும் தாய்மார்களை வீட்டில் பிடிக்க முடியாது. அதனால் ரிசல்ட் வந்த வாரங்களில் இந்த பஸ்களில் ஏறிவிடுவார். ஓடும் பஸ்ஸில் யாரும் எழுந்து போக முடியாதல்லவா?

"படிக்க அனுப்பறதுல இன்னாம்மா கஷ்டம்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எங்க ஊர்ல பத்தாவது வரைக்கும்தான், பிளஸ் ஒன்னு ஸ்கூலு ஆம்பூர்ல மேடம். வயசுப் பொண்ண தனியா எப்படி அனுப்பறது?"

"தனியா எதுக்கு? இதே பஸ்ல உன் பக்கத்துல குந்திகினு வரட்டும். கம்பெனில நான் பேசறேன்."

பேசினார். இரண்டு வருடம் அந்த பஸ்ஸில் போய் பிளஸ் டூ முடித்தேன். பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படிப் போனார்கள்.

கணியம்பாடிப் பக்கம் ஆசிரியையாகத் தொடங்கி, தலைமையாசிரியையாகி, அதிகாரியானவர் அவர். தாமதமாக வரும் ஆசிரியர்களை எல்லோர் முன்னிலும் திட்டுவார். "மேடம் ஜீப்புல டீசல் இல்லியாம், அதான் கம்பெனி பஸ்" என்று அவர்கள் கேலி செய்வார்கள். போன வருடம் ஓய்வு பெற்றார். விழாவில் புதுக் கட்டடங்களைப் பற்றியும் தேர்ச்சி விகிதத்தைப் பற்றியும் பேசினார்கள். பஸ்ஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக நானும் அங்கே இருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இந்த வருடம் கம்பெனியில் புது மேனேஜர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்றுவிட்டார். என் வகுப்பில் பத்தாவது தேறிய இரண்டு பெண்களின் படிப்பு அதோடு நின்றுவிடும் போலிருந்தது. "நமக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு?" என்றார் எங்கள் தலைமையாசிரியர்.

சனிக்கிழமை நானே கம்பெனிக்குப் போனேன்.

"நீங்க எந்த ஆபீஸ் மேடம்?" என்றார் மேனேஜர்.

"ஆபீஸ் இல்ல சார். உங்க பஸ்ல போய் படிச்சு டீச்சர் ஆனவ."

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். "வழியில ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"ஒரு மாசம் பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை அந்த இரண்டு பெண்களையும் ஏற்றி, அவர்களோடு ஆம்பூர் போய், பிளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டு வந்தேன்.