ஐந்தாவது கோடை

கிழக்கு ஒரேகானின் வறண்ட மேட்டுநிலத்தில் ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி மாடு வளர்த்தவர் வெர்னா டாக்கெட்டின் தாத்தா. முதலில் வெட்டியவனுக்கே முதல் தண்ணீர் என்பது அங்கே சட்டம். அதற்கு ஒரு வாலும் உண்டு. ஐந்து கோடை தொடர்ந்து பாய்ச்சாமல் விட்டால் உரிமை போயிற்று. மழை எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் உரிமை போன நிலம் வெறும் புழுதி.

ஆண்கள் குதிரையேறி மாடு விரட்டித் திரிய, விடியலில் மண்வெட்டியோடு தண்ணீர் திருப்பப் போவது வெர்னாதான். பிள்ளை சுமந்த மாதங்களிலும் விட்டதில்லை. கணவன் ராய் செத்தான், இவளுக்கு இடுப்பு முறிந்தது, மந்தை ஏலத்துக்குப் போனது. டச்சஸ் என்ற கிழட்டுப் பசுவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வாய்க்கால் சும்மா கிடந்தது. அதே ஓடையை நம்பிக் கீழ்ப்பண்ணையில் குதிரைமசால் தீவனம் பயிரிடும் ப்ரோடி ஒவ்வொரு கோடையிலும் வந்து, "நீங்க ஓய்வெடுங்க மேடம், தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்பான். தங்கமான பையன் என்று இவளும் ஆப்பிள் கேக்கைத் தட்டோடு கொடுத்தனுப்புவாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய பைத்தியக்காரி.

ஐந்தாம் கோடையில் அவன் வாய் சற்று நீண்டுவிட்டது. "இந்த வருஷம் மட்டும் மேடம். அப்புறம் உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

"அப்புறம் ஏன் இருக்காது, ப்ரோடி?"

அவன் தொப்பியைச் சரிசெய்தான். வெர்னா விரல்விட்டு எண்ணினாள். வாய்க்கால் காய்ந்து இது ஐந்தாவது கோடை.

மறுநாள் ஊன்றுகோலோடு போய், துருப்பிடித்த மதகைச் சுத்தியலால் அடித்தே திறந்தாள். வாய்க்காலின் குறுக்கே தார்ப்பாயை விரித்துக் கல் வைத்தாள். தண்ணீர் கரை வழிந்து புல்வெளியில் பரவியது. மூன்று வாரம், தினமும்.

புல் முழங்காலைத் தொட்டபோது ப்ரோடி நீர் அதிகாரியை அழைத்துவந்தான். வீணாக விட்ட தண்ணீர் பாய்ச்சலில் சேராது என்பது அவனுக்குத் தெரியும்.

"மாடே இல்லாம கொட்டுறாங்க சார்."

"மந்தை எங்க மேடம்?" என்றார் அதிகாரி.

"அதோ."

டச்சஸ் மென்றுகொண்டே திரும்பிப் பார்த்தது. ப்ரோடி சிரித்தான். "ஒத்த மாடா?"

"இத்தன வாய் இருக்கணும்னு சட்டத்துல இருக்கா சார்? புல்லு வளந்திருக்கு. அது திங்குது. எழுதுங்க."

அதிகாரி புல்லில் கொஞ்சம் பிடுங்கிப் பார்த்தார். பிறகு, 'பாய்ச்சப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டார்.

வெர்னா ப்ரோடியின் பக்கம் திரும்பினாள்.

"என் கேக் தட்டு நாலும் உன் வீட்டுலதான் கெடக்கு. கழுவிக் கொண்டாந்து குடு. அஞ்சாவது கெடையாது."