என் டீயில் யார் சர்க்கரை போட்டது

சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன மூன்றாவது வாரம், எனக்கு மனைவி மேல் சந்தேகம் வந்தது. நான் மாத்திரையைத் தவறவிடவில்லை. சோற்றையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஆனாலும் மாலையில் விரலைக் குத்திப் பார்த்தால் மிஷின் இருநூற்று ஐம்பது காட்டியது. சர்க்கரை இல்லாத டீக்கு நான் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, அவள்தான் சர்க்கரை போடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவில் சர்க்கரை நின்ற மட்டத்தில் பேனாவால் கோடு போட்டேன். மாலையில் சர்க்கரை கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"இன்னாங்க இது கோடு?" பின்னாலேயே நின்றாள். "நான் டீ குடிக்க மாட்டனா?"

மறுநாளிலிருந்து என்னை அடுப்பருகே நிற்கவைத்துத்தான் என் டீயைப் போட்டாள். மிஷின் இருநூற்று நாற்பது காட்டியது. சந்தேகம் மிஷினுக்குத் தாவியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்வராயன் மலைக்குப் போகும் வாத்தியார் நான். ஒரு நாள் பள்ளி முடிந்ததும் மிஷினோடு அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் தன் மிஷினிலும் குத்திப் பார்த்தார். அதே அளவுதான்.

"நடுவுல இன்னா சாப்டீங்க சார்?"

"ஒண்ணும் இல்லம்மா."

ரத்தம் துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது மிட்டாய்க் காகிதங்கள் நாலைந்து கீழே விழுந்தன.

"அது மருந்துக்கு," என்றேன். "இந்த நோய் வந்ததுலேருந்து பஸ் வளைவுல ஏறும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், கை நடுங்கும். சர்க்கரை கம்மியானா அப்படி வரும், வாயில இனிப்பு போட்டுக்கங்கன்னு டாக்டர் சொன்னாரு."

"நடுங்கும்போது குத்திப் பாத்தீங்களா?"

இல்லை.

"மொதல்ல குத்திப் பாருங்க சார். பயந்தாகூட அப்படித்தான் நடுங்கும்."

அவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே மலையிறங்கினேன். ஆனால் மறுநாள் வளைவில் நெஞ்சு அடித்துக்கொண்டபோது, பையை மடியில் வைத்து விரலைக் குத்தினேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார். நூற்று எண்பத்திரண்டு. கம்மியே இல்லை. மிட்டாயைப் பிரிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் இறங்கும் வெள்ளிமலை வருவதற்குள் நடுக்கம் தானாக அடங்கிவிட்டது.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பயமா இருக்குதுன்னு எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள்.

அடுத்த மாதத்தில் அளவு இறங்கியது. படபடப்பு மட்டும் அவ்வப்போது வருகிறது. வந்தால் குத்திப் பார்க்கிறேன். பிறகு அவளுக்குப் போன் செய்கிறேன்.