பாதித் தாத்தா

டெய்லர் தாத்தா ஆகிவிட்டார். அந்தச் செய்தி எட்டாத காது தெருவில் ஒன்றுகூட பாக்கி இல்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களை நிற்க வைத்து, கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து, "என் பேத்தி இவ்வளவுதான் இருக்கா, பாருங்க, இந்தா... இவ்வளவே" என்று காற்றில் பிடித்துக் காட்டினார். ஒரு பேண்டின் ஒரு காலை நீளமாகவும் இன்னொரு காலைக் குட்டையாகவும் தைத்து வைத்தார். கேட்டதற்கு, "பேத்தி பிறந்திருக்கா சார், கை ஒரு நிலையில நிக்கல" என்றார். பேண்டுக்காரர் என்ன செய்வார், சிரித்துவிட்டு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரே ஒரு குண்டூசி அவரைக் குத்திக்கொண்டிருந்தது. சம்பந்திதான் அந்தக் குண்டூசி.

மகளுடைய மாமனார் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். கீழே ஸ்டுடியோ, மாடியில் வீடு. பரம்பரையே போட்டோவுக்கு நின்ற பரம்பரை என்பதால் அலமாரி நிறைய ஆல்பம். குழந்தையைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் ஆல்பம், அப்புறம்தான் குழந்தை.

"இது எங்க அத்தை. காதைப் பாருங்க. பாத்தாச்சா? இப்போ குழந்தை காதைப் பாருங்க. அச்சு அசல்!"

நெற்றி ஸ்டுடியோக்காரருடைய அப்பாவுடையது. புருவம் சித்தப்பாவுடையது. கால் கட்டைவிரலைக்கூட அவர் விட்டு வைக்கவில்லை, அதற்கும் ஒரு பெரியம்மாவின் போட்டோவை எடுத்து நீட்டினார். டெய்லர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தார்.

"ஏன் சம்பந்தி, எங்க பக்கத்துல இருந்து ஒண்ணுமே வரலையா?"

"வராம என்ன? அழுகை இருக்கே, அது முழுக்க உங்க வீட்டுதுதான்!"

வந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் பெற்ற மகளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாளே, அதுதான் டெய்லருக்கு நெஞ்சில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை கொட்டாவி விட்டது. விட்டுவிட்டு வாயை மூடிய போது முகவாயின் நட்டநடுவில் ஒரு குழி விழுந்தது. மிளகு வைத்தால் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவு சின்னக் குழி. டெய்லர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"அய்யோ! இது எங்க தாத்தா தாவாக்கட்டை! அவருக்கு இதே இடத்துல இதே குழி!"

ஸ்டுடியோக்காரர் அசரவில்லை. ஆல்பத்தைப் புரட்டி ஒரு போட்டோவில் விரலை வைத்தார். "குழியா? அது எங்க பெரியப்பாவோடது."

டெய்லர் குனிந்து பார்த்தார். பெரியப்பாவுக்கு மார்பு வரைக்கும் தாடி.

"குழி எங்க சம்பந்தி?"

"தாடிக்குள்ள இருக்கு."

"தாடிக்குள்ள இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பெரியப்பா, எனக்குத் தெரியாதா? சரி, உங்க தாத்தா போட்டோ இருக்கா? கொண்டு வாங்க. குழி இருந்தா நானே ஒத்துக்கறேன். என் கையாலேயே பெரிசு பண்ணி ஷோகேஸ்ல வைக்கறேன், போதுமா?"

டெய்லர் தலையைச் சொறிந்தார். போட்டோ இருக்கிறது. ஆனால் அதில் தாத்தா பாதிதான் இருக்கிறார்.

அது ஒரு பெரிய கூத்து. தாத்தாவும் டெய்லர்தான். அவருடைய இரண்டு மகன்களும், அதாவது டெய்லரின் பெரியப்பாவும் அப்பாவும், டெய்லர்கள்தான். தாத்தா பாட்டி காலமான பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். மெஷின், மேஜை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் பிரித்து முடித்தபோது, குடும்பம் மொத்தமும் சேர்ந்து எடுத்த ஒரே குரூப் போட்டோ மிஞ்சியது. அதை யார் வைத்துக்கொள்வது? வேறு வீடாக இருந்தால் ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பிரதி போட்டுக் கொடுத்திருப்பார்கள். இவர்கள் டெய்லர்கள் ஆயிற்றே! டேப்பைப் பிடித்து அளந்தார்கள், சாக்பீஸால் கோடு போட்டார்கள், துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் நேராக ஒரே வெட்டு. நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தா மூக்கு, முகவாய், சட்டை என்று சரிபாதியாகப் பிரிந்தார். பட்டனெல்லாம் பெரியப்பா பக்கம். பாட்டியும் முழுசாக அந்தப் பக்கமே போய்விட்டதால், அதற்கு ஈடாகப் பெரிய கத்தரிக்கோல் அப்பாவுக்கு.

டெய்லரிடம் உள்ள பாதியில் தாத்தாவுக்கு ஒரு கண், ஒரு காது, அரை மீசை. அவருடைய ஒரு தொடைமேல் குட்டி டெய்லர் உட்கார்ந்து ஒரு கையைத் தூக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார். பாதி முகவாயை அந்தக் கை மறைத்துவிட்டது. நீட்டிய விரலின் நுனியோ வெட்டில் போய்விட்டது.

மறுபாதி பெரியப்பா மகளிடம் இருந்தது. பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா. விசிலே தேவையில்லை, அவள் "ஹோல்டான்" என்றால் பக்கத்து பஸ்ஸும் நிற்கும் என்பார்கள். போட்டோவில் தாத்தாவின் இன்னொரு தொடைமேல் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிற சின்னப் பெண் அவள்தான். கல்யாணம் காட்சி எங்கே பார்த்தாலும் டெய்லரிடம் ஒரே பாட்டுத்தான்: "என் கண்ணைக் குத்த வந்தவன்டா நீ! அத்தாட்சி என்கிட்ட பத்திரமா இருக்கு!"

டெய்லர் அவளுக்குப் போன் போட்டார்.

"அக்கா, அந்தப் பாதிப் போட்டோ கொஞ்சம் வேணும்."

"எதுக்கு? அத்தாட்சியை அழிக்கவா? தர மாட்டேன் போடா."

"அக்கா, எனக்குப் பேத்தி பிறந்திருக்கா."

போன் அதிர்ந்தது. "அடப்பாவி! பேத்தி பிறந்ததை எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? இப்ப காரியம் ஆகணும்னதும் அக்கா ஞாபகம் வந்துதோ? வாடா வீட்டுக்கு!"

போனார். திட்டு வாங்கினார். வயிறு நிறைய வாங்கிய பிறகு அக்காவே பேச்சை மாற்றினாள்.

"தாத்தா வாய்நிறைய குண்டூசியைக் கவ்விக்கிட்டே பேசுவாரே, ஞாபகம் இருக்கா? ம்ம், ம்ம்னு. ஒருத்தருக்கும் விளங்காது."

"பாட்டிக்கு மட்டும் விளங்கும்" என்றார் டெய்லர். "தண்ணி கேக்கறாரு, ஜன்னலைச் சாத்தச் சொல்றாருன்னு கரெக்டா சொல்லும்."

"எல்லாம் புருடாடா! பாட்டிக்கும் விளங்காது. அதுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிக்கும். தாத்தா ஊசியை எடுத்துட்டு மறுத்துப் பேசறதுக்குள்ள காரியம் முடிஞ்சிருக்கும்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வெட்டுமேஜைக்கு அடியில் துணித்துண்டுகளைக் குவித்து மெத்தையாக்கி இருவரும் தூங்கியது, மெஷின் ஓடுகிற சத்தம் நின்றால் உடனே விழித்துக்கொண்டது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரே நகரத்தில் இருந்துகொண்டு இதைப் பேச இத்தனை வருஷமா என்று இருவருக்கும் தோன்றியது.

"தாத்தாவுக்குத் தாவாக்கட்டையில குழி இருந்ததா அக்கா?"

அக்கா யோசித்தாள். "முகமே மங்கலாத்தான்டா இருக்கு. மீசை ஞாபகம் இருக்கு. குழி... தெரியலையே."

டெய்லருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அக்கா பீரோவைத் திறந்து தன் பாதியை எடுத்தாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை. "இது என் கையை விட்டுப் போகாது. நானே வர்றேன். குழந்தையையும் பாத்த மாதிரி ஆச்சு."

ஸ்டுடியோவில் அன்றைக்கு நல்ல கூட்டம். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மருமகன் வந்தான். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்து தலை சீவிக்கொண்டிருந்தவர்களும் சீப்போடு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஸ்டுடியோக்காரர் கவுண்டரைத் துடைத்து, விளக்கைத் தாழ்த்தி வைத்து, இரண்டு பாதிகளையும் கண்ணாடிமேல் வைத்தார். மெதுவாக நகர்த்தினார். மூக்கும் மூக்கும் சேர்ந்தன. மீசையும் மீசையும் சேர்ந்தன. நூல் பிசகாத வெட்டு என்பதால் கோடுகூடச் சரியாகத் தெரியவில்லை. இரண்டு கண்களாலும் தாத்தா எல்லோரையும் பார்த்தார்.

தாத்தாவின் முழு முகத்தை டெய்லர் இவ்வளவு காலம் கழித்துப் பார்க்கிறார்.

"எல்லாம் சரி" என்றார் ஸ்டுடியோக்காரர். "குழி எங்க?"

எல்லோரும் குனிந்தார்கள். முகவாயின் நட்டநடுவில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. குட்டி டெய்லரின் விரல். அக்காவின் பாதியில் இத்தனை காலமும் வெள்ளையாக ஒரு மொட்டு மாதிரி தெரிந்தது அந்த விரலின் நுனிதான். அவள் கண் இருந்த திசைக்கே அது போகவில்லை. தாத்தாவின் முகவாயில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே குழி இருந்தாலும் தெரியாதபடி சுத்தமாக மறைத்துவிட்டது.

"போச்சுடா" என்றார் டெய்லர். "நானே மறைச்சுட்டேனே!"

ஸ்டுடியோக்காரர் பெருந்தன்மையாக அவர் தோளைத் தட்டினார். "பரவால்ல சம்பந்தி. அழுகையாவது உங்க வீட்டுதுன்னு இருக்கே."

"ஹோல்டான்!"

பாஸ்போர்ட் ஆட்களின் சீப்பு அந்தரத்தில் நின்றது. அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போட்டோமேல் கவிழ்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"டேய் வாலு! நீ என் கண்ணைக் குத்தலைடா. அந்தக் குழியில விரலை விட்டிருக்கே! எனக்கு இப்பத்தான் வருது. ரெண்டு பேரும் அதுக்குத்தானே அடிச்சுக்குவோம்! நான் கொஞ்ச நேரம், நீ கொஞ்ச நேரம்னு தாத்தா முறை போட்டுக் கொடுத்தாரு. அன்னிக்கு என் முறைடா! நீ முந்திக்கிட்டே. அதுக்குத்தான் நான் அழுதேன்!"

"என்ன விரல் விட்டீங்க அத்தை?" என்றாள் மகள்.

"குழியிலம்மா! ஒரு சின்ன விரல் அப்படியே உள்ள போயி உக்காரும். அவர் பேசினா நம்ம விரலும் சேர்ந்து ஆடும். அதுக்கு அப்படி ஒரு போட்டி!"

ஸ்டுடியோக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். விளக்கை இன்னும் இழுத்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டுடியோக்காரர் மற்ற எதிலும் விட்டுக்கொடுக்காவிட்டாலும் போட்டோ விஷயத்தில் பொய் பேசாத மனுஷர்.

"நகத்தைக் காணோம்" என்றார் கடைசியில். "சும்மா மேல வச்ச விரல்னா நகம் தெரியணும். இது உள்ள போயிருக்கு. சுத்தி நிழல் விழுந்திருக்கு." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "சம்பந்தி, குழி உங்க வீட்டுது. நல்ல ஆழம்."

டெய்லர் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "கேட்டியாடி தங்கம்? இது உங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா குழிடி! அவரோட சொத்துலயே வெட்டாம முழுசா வந்து சேர்ந்தது இது ஒண்ணுதான்!" மகள் இந்த முறையும் சிரித்தாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"உங்க பெரியப்பா தாடியை என்ன பண்றது?" என்றான் மருமகன், அப்பாவைப் பார்த்து.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு பாதியையும் ஒன்றாகப் படம் பிடித்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கல்யாண ஜோடிகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஷோகேஸ் நடுவில் நிறுத்தினார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். டெய்லரும் தினம் கடைக்குப் போகிற வழியில் அங்கே நிற்கிறார். தனியாக இல்லை. அக்காவும் வருகிறாள், யாராவது நின்றால் பிடித்துக்கொள்கிறாள்.

"அந்த அழற பொண்ணு நான்தான். ஏன் அழறேன்னு கேளுங்க சொல்றேன். ஏய்யா, எங்க ஓடறே? பஸ்ஸு எங்கயும் போயிடாது, நில்லு!"