இரண்டாவது விசில்

காலை ஆறு பத்து. ஆவடிப் பேருந்து நிலையத்தில் பூந்தமல்லி வண்டியில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை மாமாவின் கைகள். பின்படிக்கு அருகே இருந்த கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி, தோள்களைத் தூக்கி, சற்று முன்னால் குனிந்து நின்றிருந்தார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் புறப்பட வேண்டும். மாமா ஒன்றை ஊதினார். இரண்டாவதற்கு மூச்சு வரவில்லை. ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, போவவா நிக்கவா? ஒன்ன ஊதிட்டு ஊட்டுக்குப் பூட்டியா?”

பின்வரிசையிலிருந்த கல்லூரி மாணவன் ஒருவன் வாயில் விரலை வைத்து இரண்டு முறை விசிலடித்தான். வண்டி கிளம்பியது. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவர் என் அம்மாவின் தம்பி. அந்தத் தடத்தில் நெடுங்காலம் நடத்துனராக இருந்தவர். வண்டியின் ஒவ்வொரு நடையும் முடிகிற இரு முனைகளிலும் ஒரு தேநீர், ஒரு பீடி என்பது அவர் வழக்கம். இருமலை முதலில் சளி என்றார், பிறகு வீசிங் என்றார். வண்டி கிளம்பத் தாமதமாவதாகப் புகார்கள் போனதும், கிளை மேலாளர் அவரைக் கூப்பிட்டு, பொங்கல் வரை பார்ப்பதாகவும் அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் பணிமனைக்குள் உட்காரும் வேலைதான் என்றும் சொல்லிவிட்டார். வேறொருவருக்கு அது சலுகையாகத் தோன்றியிருக்கும். “வண்டிய உட்டு எறங்கிட்டா நான் யாரு மாப்ளே?” என்று மாமா என்னிடம் கேட்டார்.

அவர் மருந்து எடுக்காதவர் அல்லர். தெருமுனை மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்த மருந்தை ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. அப்படியும் மூச்சு ஏன் குறைகிறது என்று கேட்கத்தான் நெஞ்சுநோய் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அங்கே ஒரு கருவியின் குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு ஊதச் சொன்னார்கள். “நல்லா ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று செவிலியர் விரட்ட, “வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து ஊதிக்கினுதாம்மா கீறேன்” என்றார் மாமா.

மருத்துவர் ஓர் இளம்பெண். மருந்தை எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். மாமா தோல்பையின் சிறிய அறையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து, வாயில் போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

“ஐயா, துப்புங்க. அது முழுங்குற மாத்திரை இல்ல. இதோட ஒரு குழாய் குடுத்திருப்பாங்களே, எங்க?”

குழாய் வீட்டில் பீரோவின் மேல் இருந்தது. அது கடைசிக் கட்டத்துக்கானது, பழகினால் விட முடியாது என்று பணிமனையில் பேசிக்கொள்வார்கள். அதை வாயில் வைத்து இழுப்பதை ஒருவர் பார்த்துவிட்டால் மறுநாளே பட்டப்பெயர் வந்துவிடும். அதனால் மாமா குழாயை ஒதுக்கி, மருந்தை மட்டும் தேநீரோடு விழுங்கிவந்தார். நுரையீரலுக்குப் போக வேண்டிய பொடி அத்தனை மாதங்களும் வயிற்றுக்குப் போயிருந்தது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்கினாலும் மருந்தில் பெரும்பாலும் பழையபடி விரிந்துவிடும். புகை பல ஆண்டுகள் அரித்த குழல் முழுதாகத் திரும்பாது, உங்களுடையது இரண்டாவது வகை என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். கெட்டது கெட்டதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம். கேப்சூலைக் குழாயில் போட்டுத் திருகி, வேகமாக உள்ளே இழுத்து, சற்று மூச்சை நிறுத்தி, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். பீடியை அன்றோடு விட்டுவிட வேண்டும் என்றார். மூக்கால் இழுத்த மூச்சை உதட்டைக் குவித்து மெல்ல விடும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார்.

பீடியை நிறுத்தவைத்தவர் ஓட்டுநர். ஒவ்வொரு நடைக்கு முன்பும் மாமாவின் வாயை முகர்ந்து பார்த்தார். “நாத்தம் வந்துச்சின்னு வையி, சாவிய மேனேஜர் டேபிள்ல வச்சுட்டுப் பூடுவேன். கூட்டத்துக்கு நீயே பதில் சொல்லு.” மாமா திட்டிக்கொண்டே வாயைத் திறந்து காட்டுவார். ஒருமுறை மாட்டினார். வண்டி நிஜமாகவே நின்றது.

பொங்கலுக்கு முந்தைய வாரம். பூந்தமல்லியில் கரும்புக் கட்டும் மூட்டையுமாக ஏறிய கூட்டத்தில் படியில் நிற்கவும் இடமில்லை. கிளை மேலாளர் வந்து கீழே நின்றிருந்தார். மாமா கூட்டத்தின் நடுவிலேயே குழாயை எடுத்து இழுத்தார், கொப்பளித்து வெளியே துப்பினார், விசிலை வாயில் வைத்தார். முதல் விசிலில் முன்னிருக்கைக் குழந்தை திடுக்கிட்டு அழுதது. அது அடங்குவதற்குள் அதைவிட நீளமாக இரண்டாவது வந்தது.

“யோவ், காது பூட்ச்சுய்யா!” என்று கத்திக்கொண்டே ஓட்டுநர் வண்டியை எடுத்தார். யாரோ கைதட்ட, வண்டி முழுக்கத் தட்டியது. மேலாளர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

மாமா இப்போது பட்டாபிராமில் இருக்கிறார். ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் ஒருமுறை நிற்கிறார். ஓய்வு பெற்ற நாளின் கடைசி நடைக்கும் அவர்தான் விசில் கொடுத்தார்.